மெர்க்குரியில் உன் முகம்

கடலோரத் தெரு,
ஸ்கெல்தோர்ப்.
ஆகஸ்ட் கடைசி.

அன்புள்ள மகன் கீத்துக்கு,

அப்பா வாயால் சொல்ல, பக்கத்து வீட்டு பெரில் கையால் எழுதும் கடிதம் இது. எழுத்து அழகாக இருந்தால் பாராட்டு அவளுக்கு. விஷயம் கோணலாக இருந்தால் திட்டு எனக்கு. நான் நன்றாக இருக்கிறேன். நீயும் நன்றாக இருக்க வேண்டும். அங்கே நியூசிலாந்தில் இப்போது குளிர் விடும் காலம் என்று பெரில் சொல்கிறாள். இங்கே வெயில் போகும் காலம். நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி சட்டை போட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் மெர்க்குரி பத்திரிகையில் உன் தம்பி டெரிக்கின் பெயருக்கு மேலே உன் படம் வந்துகொண்டிருந்ததே, அதை எடுக்கச் சொல்லிவிட்டேன். எடுத்தும்விட்டார்கள். இனிமேல் இந்தக் கடலில் யார் செத்தாலும் செத்தவர்கள் வரிசையில் உன் முகம் வராது. இதைத்தான் நீ அன்றைக்கே கேட்டாய். இவ்வளவு காலம் கழித்து நடந்திருக்கிறது. எப்படி நடந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு முன் ஊர்ச் செய்தி. கடலுக்குள் நீளும் நம் மரப்பாலத்தின் கடைசிப் பகுதியை மறுபடி பூட்டிவிட்டார்கள், மரம் உளுத்துவிட்டதாம். மெர்க்குரி ஆபீஸ் இருந்த இடத்தில் நகத்துக்கு வண்ணம் பூசுகிறார்கள். பிள்ளைகளை ஏற்றிச் சுற்றும் கழுதைகள் இன்னும் கடற்கரையில் இருக்கின்றன, ஆனால் என்னுடையவை இல்லை. டோனி என்று ஒருவன் வெளியூரிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வருகிறான். கடல் சுவர் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் அவன் வந்து, "என்ன பெருசு, தெனம் வந்து மொறச்சுப் பாக்குறே, ஏறணும்னா சொல்லு, உனக்கு எடை ஒத்துவர்றதா ஒண்ணு இருக்கு" என்றான். நல்ல பையன்தான். என் இடுப்பு எலும்பு மழைக்கு முந்தின நாளே சொல்லிவிடும், மற்றபடி தொந்தரவில்லை. கடற்காக்கை ஒன்று பெரிலின் கையிலிருந்து முழு மீன் துண்டைப் பிடுங்கிக்கொண்டு போனது. அதை எழுத மாட்டேன் என்றாள், நான் விடவில்லை.

ஜூலையில் ஒரு சின்னப் பெண் கடலில் போய்விட்டாள். கேசி என்று பெயர். நாட்டிங்ஹாம் குடும்பம், சக்கர வீடுகள் நிற்கும் கேரவன் பூங்காவில் ஒரு வாரம் தங்க வந்தவர்கள். அன்று மேற்குக் காற்று, கரையிலிருந்து கடலுக்குள் அடிப்பது. அந்தக் காற்றில் நம் கடல் எப்படிக் கிடக்கும் என்று உனக்குத் தெரியும். அலையே இல்லாமல், துணி விரித்த மேஜை மாதிரி. வெளியூரார் பார்த்துவிட்டு, ஆகா என்ன அமைதி என்பார்கள். ரோஜா நிறத்தில் பெரிய பறவை மாதிரிக் காற்றடைத்த மிதவை ஒன்று வைத்திருந்தாள். அதில் ஏறி உட்கார்ந்தாள். காற்று தள்ளிக்கொண்டே போனது. அப்பன் நீந்தப் பார்த்தான், பாதியில் அவனையே இழுத்து வரவேண்டியதாயிற்று. உயிர்காப்புப் படகுப் பையன்கள் காற்றாலைகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் மிதவையைக் கண்டார்கள். பிறகு அவளை.

சாயங்காலத்துக்குள் கூரையில் தட்டு வைத்த தொலைக்காட்சி வண்டிகள் கடலோரம் முழுக்க வந்து நின்றுவிட்டன. லீட்ஸ், லண்டன், எங்கெங்கிருந்தோ. பொரித்த மீன் கடை டெர்ரி மூன்று தொலைக்காட்சிக்குப் பேசினான், ஒவ்வொன்றுக்கும் முன்னால் தலை வாரிக்கொண்டான். அவன் பெண்டாட்டி எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னாலிருந்து, "நாலாவது சேனலும் வருதாம், சட்டைய மாத்திக்கிட்டு வந்துர்றியா? மீனு கருகினாப் பரவால்ல" என்று கத்தினாள். விளையாட்டு மெஷின் கடை வாசலில் நிற்கும் கிழவி ஐவியிடம் ஒரு லண்டன்காரன் மைக்கை நீட்டி, இப்போது உங்கள் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டான். "காலு வலிக்குது. நகரு, வெளிச்சம் மறைக்குது" என்றாளாம். அதை அவர்கள் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கிளம்பிப் போய்விட்டார்கள். மெர்க்குரியின் நிருபர் பெண் ஹாலி மட்டும் இருந்தாள். அவள் போக முடியாது. எழுதியதில் ஒரு பெயர் தப்பாக இருந்தால் லண்டன்காரனை யாரும் தேடிப் போக மாட்டார்கள், அவளைத்தான் ரொட்டிக் கடை வரிசையில் பிடித்துக்கொள்வார்கள். கேரவன் கதவைத் தட்டி அந்தப் பெண் குழந்தையின் படத்தைக் கேட்டு வாங்கியதும் அவள்தான். அந்த வேலை மாறவில்லை. நம் காலத்தில் பெர்சி லம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பாரே, அதே வேலை. நீ அப்போது அவரைக் கழுகு என்றாய். ஆனால் மெர்க்குரியிலிருந்து ஆள் வரவில்லையென்றால், எங்க வீட்டுச் சாவு மட்டும் சாவு இல்லையா என்று கோபித்துக்கொண்ட குடும்பங்களும் இந்த ஊரில் உண்டு.

அடுத்த வியாழக்கிழமை மெர்க்குரி வந்தது. உன் அம்மா போன பிறகு எனக்கு அதைப் படித்துச் சொல்வது பெரில்தான். முதலில் இறந்தவர்கள் பக்கம், பிறகு டீ, பிறகு மற்றது. கேசியின் பள்ளிக்கூடப் படம் முதல் பக்கத்தில் இருந்தது, முன்பல் இரண்டும் இல்லாமல் சிரித்துக்கொண்டு. உள்ளே, எப்போதும் போடுவதுபோல், இந்தக் கரையில் கடல் கொண்டுபோனவர்கள் என்று வரிசையாகப் படங்கள். மணல் திட்டில் மாட்டிக்கொண்ட அண்ணன் தம்பி. பட்டம் விடப்போன பையன். புத்தாண்டு அன்று குளிக்க இறங்கிய டீச்சர். அந்த வரிசையில் நீ. கீழே டெரிக்கின் பெயர்.

பெரில் பக்கத்தைத் திருப்பப் போனாள். நான் கையை வைத்துத் தடுத்தேன். எப்போதும் தடுப்பேன்.

இங்கே பெரில் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அவள் இந்தத் தெருவுக்கு வந்தது நீ போன பிறகு. "எனக்கே பாதிதான் தெரியும். முழுசாச் சொல்லு. புரியாததையெல்லாம் நான் எழுதிக்கிட்டிருக்க முடியாது. நான் என்ன டைப் மெஷினாய்யா?" என்கிறாள். ஆகவே உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். தெரியாததும் கொஞ்சம் இருக்கிறது.

உனக்கு இருபத்திரண்டு, டெரிக்குக்குப் பத்தொன்பது. பாலத்தின் முனையைச் சுற்றி ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும் ப்ரிம்ரோஸ் படகில் கயிறு பிடிக்கும் வேலை உன்னுடையது. அன்று காலையில் உனக்குப் பல்வலி, கன்னம் வீங்கிவிட்டது. நீ போவதாகத்தான் காலணியை மாட்டினாய். டெரிக் உன்னை வெளிச்சத்துக்கு இழுத்துப் பார்த்தான். "மூஞ்சி பன்னு மாதிரி உப்பியிருக்குடா. இதோட நீ படகுல நின்னா பொம்பளப் புள்ளைங்க பயந்து கடல்ல குதிச்சிரும். போ, போய்ப் பல்லப் புடுங்கு, நான் பாத்துக்கிறேன்" என்றான். உன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போனான். மதியத்துக்குப் பிறகு கடல் மூட்டம் இறங்கியது. ப்ரிம்ரோஸ் பாலத்தின் தூண்களில் போய் மோதியது. போனது மூன்று பேர். இரண்டு பயணிகள், டெரிக்.

பெர்சி வந்தார். உன் அம்மா பிஸ்கட் டப்பாவிலிருந்து, கழுதைகளுக்கு முன்னால் நீங்கள் இரண்டு பேரும் நிற்கும் படத்தை எடுத்துக் கொடுத்தாள். வலது பக்கம் நிற்பவன் டெரிக் என்று விரல் வைத்துக் காட்டினாள். பெர்சி கவனமான மனிதர். படத்தின் முகத்தில் கீறல் விழக்கூடாது என்று திருப்பி, பின்பக்கத்தில், டெரிக்கின் தலைக்கு நேர் பின்னால் பென்சிலால் குறி போட்டுக்கொண்டு போனார். அச்சகத்தில் படத்தை வெட்டுகிறவன் பின்பக்கம் பார்த்தான். குறி இடது பக்கம் இருந்தது. திருப்பி வைத்துக்கொண்டு இடது பக்கத்துத் தலையை வெட்டினான். பின்னால் இடது என்றால் முன்னால் வலது என்று அவனுக்குத் தோன்றவில்லை. அவ்வளவுதான் நடந்தது. பெர்சி நம் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டி அழுதார்.

பிறகு நடந்தது உனக்குத்தான் அதிகம் தெரியும். பஸ் நிறுத்தத்தில் மிஸஸ் ஹார்க்ரேவ் உன்னைப் பார்த்து அலறியது. ராயல் ஓக் மதுக்கடையில் பையன்கள், "செத்தவனுக்கு ஒரு கிளாஸ் ஊத்துப்பா, பாவம், ரொம்ப தூரம் நீந்தி வந்திருக்கான்" என்று சிரித்தது. நீயும் சிரித்தாய் என்று சொன்னார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

சரியான படத்தைப் பெரிதாகப் போட்டு மன்னிப்புக் கேட்கிறோம் என்று மெர்க்குரி ஆசிரியரே வந்து சொன்னார். உன் அம்மா முடியாது என்றாள். படம் இல்லாமல் இரண்டு வரி போதும் என்றாள். பின்பக்கத்தில், பழைய சோபா விற்பனைக்கு என்பதற்குக் கீழே, அந்த இரண்டு வரி வந்தது. யாரும் பார்க்கவில்லை. நீ மேஜையின் அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அப்ப என்னச் செத்தவனாவே விட்டுடப் போறியாம்மா? அவன் எனக்குப் பதிலாப் போனான்னு எல்லாரும் வாய்க்குள்ள சொல்றாங்க. நீ பத்திரிகையிலயே போட்டுச் சொல்றே" என்று கேட்டாய். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாள். வசந்தம் வருவதற்குள் நீ கப்பல் ஏறிவிட்டாய்.

அவள் உனக்குப் பதில் சொல்லவில்லை. எனக்குச் சொன்னாள், நீ கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு. அதை உன்னிடம் நான் எப்படி எடுத்து வருவது என்று தெரியாமலே காலம் போய்விட்டது. கடிதத்தில் சொல்ல வேறொருவர் கை வேண்டும், அம்மா இருந்தவரை அந்தக் கை அவளுடையது. அவள் சொன்னது இது: "கீத் நேர்ல நடமாடுறான். ஊரே பாக்குது. பத்திரிகை என்ன சொன்னா அவனுக்கு என்ன கொறஞ்சு போச்சு? டெரிக் முகம் அந்தத் தலைப்புக்குக் கீழ வந்துட்டா அப்புறம் முடிஞ்சு போச்சு, சிரில். இன்னும் அவன அங்க போடல. போட விடமாட்டேன்." உன் பக்கமும் நியாயம், அவள் பக்கமும் நியாயம். நடுவில் நான், வாயில்லாமல். உன்னை நேசிக்காததால் அவள் அப்படிச் செய்யவில்லை. இதை இரண்டு தடவை எழுதச் சொல்லியிருக்கிறேன், பெரில் ஒரு தடவை போதும் என்கிறாள்.

இப்போது தெரியாத விஷயம். கடல் சுவரைத் தாண்டி ஊருக்குள் வந்த அந்தக் குளிர்காலத்தில் நம் கீழ்த்தளம் முழுக்க இடுப்பளவு தண்ணீர். பிஸ்கட் டப்பா மிதந்துகொண்டிருந்தது. திறந்தால் உள்ளே படமெல்லாம் கஞ்சி. நீ சிறுவனாக இருந்தது, டெரிக் பள்ளிக்கூட நாடகத்தில் ஆட்டுக்குட்டியாக வந்தது, எங்கள் கல்யாணம், கழுதைகளோடு நீங்கள் நின்ற அந்தப் படம், எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கரைந்துவிட்டது. அம்மா அதைப் பார்க்காமல் முன்பே போய்ச் சேர்ந்தது ஒரு வகையில் நல்லது.

உன் அம்மாவின் சவ அடக்கத்துக்கு நீ வந்தாய். தேவாலயத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மாலை பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாய். காதோரம் நரைத்திருந்தது. அதற்கு மேல் எனக்கு அந்த முகம் நிற்கவில்லை, நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதையும் எழுதி வைக்கத் தெரியாது என்பதால் எல்லாவற்றையும் தலையில்தான் வைத்திருக்கிறேன். எந்தக் கோடையில் எந்தக் காற்று அடித்தது, எந்தக் கழுதை எந்தப் பிள்ளையைக் கீழே தள்ளியது, யார் என்ன வார்த்தை சொன்னார்கள், எல்லாம் இருக்கிறது. கேட்டதெல்லாம் தங்கும். முகம் அப்படி இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தால்தான் தங்கும்.

ஆகவே உண்மை இதுதான். இவ்வளவு வருடமாக உன் முகத்தை நான் பார்த்தது மெர்க்குரியில்தான். டெரிக்கின் பெயர் எனக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே எனக்கு அது டெரிக் இல்லை, நீதான். காற்றில் கலைந்த முடியும், கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கும் அந்தச் சிரிப்பும். யாராவது ஒருவர் கடலில் போனால்தான் நீ வருவாய். மகனைப் பார்க்க இது நல்ல வழி இல்லை என்று தெரியும். அவர்களுக்காக வருத்தப்படுவேன், தேவாலயத்துக்குப் போவேன், பூ வைப்பேன். ஆனாலும் வியாழக்கிழமை பெரில் பத்திரிகையோடு வரும்போது என் கால் கதவை நோக்கிப் போய்விடும். கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பும் அட்டைகளில் கப்பலும் ஆடும் இருக்கும், ஆள் இருக்காது. ஒரு இரண்டு வருடம் உன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெண் பெயர் இருந்ததாகப் பெரில் சொன்னாள். பிறகு இல்லையாம். நான் கேட்கவில்லை. பெரில் தன் போனில் உன் பெயரைப் போட்டுத் தேடினாள். ஒரு குதிரை டாக்டரும் மொட்டைத் தலைப் பாடகன் ஒருவனும் வந்தார்கள். நீ வரவில்லை.

இனி, பத்திரிகை வந்ததற்கு அடுத்த வாரத்துச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

கேசியின் அப்பா டேரன் திரும்பி வந்திருந்தான். கடலோரக் கம்பியில் ஊர்க்காரர்கள் கட்டிய பூக்களும் பொம்மைகளும் மழையில் நாறிவிடும் என்று எடுத்துப் போக வந்தான். பெரிய கறுப்புப் பை ஒன்று வைத்திருந்தான். காற்று பையின் வாயை மூடிக்கொண்டே இருந்தது. நான் போய் விரித்துப் பிடித்தேன். அவன் ஒவ்வொரு பொம்மையாக அவிழ்த்து உள்ளே வைத்தான், எறியவில்லை, வைத்தான். பாதிப் பை நிறைந்தது. பிறகு என்னைப் பார்த்து, "நீங்கதானே ஆட்லிங் ஐயா? மீன் கடையில சொன்னாங்க" என்றான். சட்டைப் பையிலிருந்து மெர்க்குரியின் அந்தப் பக்கத்தை எடுத்தான். மகள் படத்துக்காக வைத்திருக்கிறான். மடித்ததைப் பிரித்து உன் முகத்தின் மேல் விரலை வைத்தான்.

"உங்க பையனும் போயிட்டானாமே. நல்லாச் சிரிக்கிறான். எத்தன வருஷமானா இது கொறையும்? நீங்க சொல்லுங்க, மத்தவங்க சொன்னா எனக்கு நம்பிக்கை வரல" என்று கேட்டான்.

கீத், இதற்கு முன்னும் ஆட்கள் என்னிடம் துக்கம் விசாரித்திருக்கிறார்கள். டெரிக்குக்காக என்று வாங்கிக்கொள்வேன். ஆனால் அவன் விரல் உன் மேல் இருந்தது. அவன் மகள் நிஜமாகவே போய்விட்டாள். அவன் தன் துக்கத்திலிருந்து கொஞ்சம் எடுத்து உனக்காகக் கொடுக்கிறான். நீயோ எங்கேயோ உயிரோடு சட்டியில் முட்டை உடைத்து ஊற்றிக்கொண்டிருப்பாய். (சட்டி இல்லை, வாணலி என்று பெரில் திருத்துகிறாள். எதுவோ ஒன்று.) வாங்கிக்கொள்ள எனக்குக் கை நீளவில்லை. உண்மையைச் சொன்னேன். போனவன் வேறு மகன், இந்தப் படத்தில் இருப்பவன் மூத்தவன், இவன் உயிரோடு இருக்கிறான், பத்திரிகைக்காரர்கள் அப்போதே மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றேன்.

அவன் படத்திலிருந்து விரலை எடுத்தான். "உயிரோட இருக்கானா? எங்க?"

நியூசிலாந்தில் என்றேன்.

"பேசுவீங்களா?"

கிறிஸ்துமஸுக்கு அட்டை வரும் என்றேன்.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. பையை என் கையிலிருந்து பிடுங்கினான். "உயிரோட இருக்குற புள்ளைய வச்சிக்கிட்டு இந்தப் படத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்களா? எம்மக நியூசிலாந்துல இருக்கான்னு யாராச்சும் சொன்னா, நான் இங்கருந்தே நீந்திப் போவேன்யா" என்று கத்தினான். நீந்தி என்ற வார்த்தையில் அவன் குரல் உடைந்துவிட்டது. சுவரில் உட்கார்ந்துவிட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சற்றுக் கழித்து, தப்பாப் பேசிட்டேன் என்றான். தப்பில்லை என்றேன். மீதிப் பொம்மைகளைச் சேர்ந்தே அவிழ்த்தோம்.

அங்கிருந்து நேரே ஹாலியைத் தேடிப் போனேன். ஆபீஸ் இல்லாததால் படகுக் குளத்துப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறாள், மூன்று ஊருக்கு ஒரே ஆள். சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "இத்தன வருஷமாத் தப்பாவா? யாருமே சொல்லலையா, மிஸ்டர் ஆட்லிங்?" என்றாள். சொன்னோம், இரண்டு வரி போட்டீர்கள் என்றேன். "நான் பொறக்கறதுக்கு முன்னாடி நடந்தது. ஆனா போன வாரம் எடுத்துப் போட்டது நான்தானே. பேரு பாத்தேன், படம் பாத்தேன், போட்டுட்டேன். கேட்டிருக்கணும், நீங்க தெனம் அந்தச் சுவர் மேலதான் உக்காந்திருக்கீங்க" என்றாள். அவள் பெர்சி மாதிரி அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு போனை எடுத்தாள். அச்சடித்ததை ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் கம்ப்யூட்டரில் இருப்பதை இப்போதே எடுத்துவிடலாம், இனி யார் தேடினாலும் அந்தப் படம் வராதபடி செய்துவிடலாம் என்றாள்.

எடுப்பதற்கு முன் ஒரு தடவை காட்டும்மா என்றேன். காட்டினாள். விரலால் விரித்துப் பெரிதாக்கினாள், உன் முகம் போன் கண்ணாடி முழுக்க வந்தது. காகிதத்தில் பார்த்ததைவிடத் தெளிவு. கன்னத்தில் மணல் ஒட்டியிருந்தது தெரிந்தது, அது எனக்கு இதுவரை தெரியாது. டீக்கடைக்காரி வந்து ரொட்டி வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனாள். ஹாலி அவசரப்படுத்தவில்லை. நான்தான் கடைசியில், சரி, எடு என்றேன். எடுத்தாள். அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மொட்டைத் தலை வடிவம் மட்டும் நின்றது, கீழே டெரிக்கின் பெயர்.

முழுப் பக்கம் போட்டுத் திருத்துகிறேன் என்கிறாள் ஹாலி. டெரிக்கின் சரியான படம் வேண்டும், பக்கத்தில் உன் இப்போதைய படமும் வேண்டும், இவர் உயிரோடு இருக்கிறார் என்று ஊர் பார்க்க வேண்டும் என்கிறாள். என்னிடம் இரண்டும் இல்லை என்றேன். உன் அம்மா இனி மறுக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். டெரிக் இவ்வளவு காலம் முகமில்லாமல் இருந்தது போதும். அவனும் அந்தப் பக்கத்தில் அவனாகவே இருக்கட்டும், நீ வெளியே வா.

என் கண்ணைப் பற்றி எழுத வேண்டாம் என்று பெரிலிடம் சொன்னேன். எழுதாவிட்டால் மீதியையும் எழுத மாட்டேன் என்று மிரட்டுகிறாள். ஆகவே எழுதட்டும். நடுவில் ஒரு கறை வந்திருக்கிறது. ஓரம் எல்லாம் தெரியும், நேராகப் பார்ப்பதுதான் மங்கும். எதிரே ஆள் நின்றால் காது இரண்டும் தெரிகிறது, தோள் தெரிகிறது, நடுவில் புகை. டாக்டர் கண்ணில் ஊசி போடுகிறார். குறையாமல் பிடித்து வைக்கலாம், கூட்ட முடியாது என்கிறார். பெரில் இதை எழுதும்போது மூக்கை உறிஞ்சுகிறாள், அவளுக்குச் சளி. நீ கவலைப்படாதே. பக்கவாட்டில் பார்க்கப் பழகிக்கொண்டேன். கொஞ்சம் தலையைச் சாய்த்தால் இப்போதைக்கு ஒரு முகம் பிடிபடும்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னிடம் சொன்னாள். நீ கப்பலுக்குக் கிளம்பிய காலையில் உன் மேல்கோட்டின் உள் பையில் அவள் ஒன்றை வைத்தாளாம். விளையாட்டு மெஷின் கடையில் காசு போட்டால் படம் எடுத்துத் தரும் பெட்டி இருந்ததே, அதில் நீயும் டெரிக்கும் நெருக்கிக்கொண்டு எடுத்த நீளத் துண்டு. நான்கு படம், இரண்டில் நாக்கை நீட்டியிருக்கிறீர்களாம். அது உன்னிடம் இன்னும் இருக்கும் என்று நம்புகிறேன். நீ எதையும் தூக்கி எறிகிற பிள்ளை இல்லை.

அதைத் தபாலில் அனுப்பாதே. தபாலில் எவ்வளவோ தொலைந்து போகிறது. நீயே எடுத்துக்கொண்டு வா. ஹாலி அவசரமில்லை, எப்போது வந்தாலும் இடம் வைத்திருக்கிறேன் என்கிறாள். மாடி அறை காய்ந்துதான் இருக்கிறது, தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறவில்லை. கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டிருக்கிறேன். டோனி உதவி செய்தான், யாரு பெருசு வர்றது என்று கேட்டான், சொன்னேன்.

ஆண்டவர் உன்னைக் கடலிலும் கரையிலும் காப்பாராக. குளிரில் கழுத்தை மூடிக்கொள்.

இன்னொன்று. போனில் அந்தத் துண்டைப் படம் எடுத்து அனுப்பினாலே போதும், ஒரு நிமிடத்தில் வந்துவிடும் என்று ஹாலி சொன்னாள். என் மகனிடம் அப்படிப்பட்ட போன் இல்லை என்று சொல்லிவிட்டேன். பெரில் என்னைப் பார்த்தாள். ஹாலி உனக்கு எழுதிக் கேட்டால், நீயும் இல்லை என்றே சொல்.

உன் அப்பா,
சிரில் ஆட்லிங்